ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் தெரிந்த மாப்பிள்ளை

செங்கொடிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். பால்காரன் ஊற்றும்போது அவன் கட்டைவிரல் படிக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா சிரித்தால் பையை மடிக்கு இழுத்துக்கொள்வாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாடுதான் பாவம். ஒருத்தன் மணலியில் வேலை என்றான். இவள் லீவு போட்டுக்கொண்டு போய் அந்தக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனைப் பிடித்து விசாரித்தாள். வேலை உண்மைதான், ஆளும் தங்கமான ஆளாம். இவ்வளவு நல்லவன் எதுக்கு வியாசர்பாடி வரைக்கும் வந்து பொண்ணு தேடுறான், எதையோ மறைக்கிறான் என்று சொல்லி அவனையும் தள்ளிவிட்டாள். அதற்கப்புறம் அப்பா கோதண்டம் அவள் கல்யாணப் பேச்சையே எடுப்பதில்லை. ஹார்பரில் மூட்டை ஏற்றி இறக்கி, சங்கத்துக் கொடி பிடித்து, மகளுக்கும் கொடியின் பெயரையே வைத்து ஓய்ந்த மனுஷர் அவர். எத்தனையோ முதலாளிகளைச் சமாளித்தவர், பெற்ற மகளைச் சமாளிக்க முடியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. வீட்டில் அப்பா, இவள், அண்ணன் பாரி, மூன்றே பேர். சுவரில் ஒரு புத்தர் படம். கோயில், ஜாதகம், ராகுகாலம் எதுவும் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. பாரி சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறான். அவன் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு இரும்புக்குப் போனது தங்கச்சியின் படிப்புக்காகத்தான் என்று அந்த ஹவுசிங் போர்டு பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும். அவன் வாய் திறந்து சொன்னதில்லை. பேச்சே கம்மி. வயது முப்பத்துநாலு ஆகிவிட்டது, நெற்றிப் பக்கம் முடி பின்வாங்க ஆரம்பித்துவிட்டது. இவளுக்கு எவனும் தேற மாட்டான், பையனுக்காவது முடிப்போம் என்று அப்பா முடிவு கட்டியது 2007 தொடக்கத்தில். பதிவு செய்ய வேறெங்கும் போகவில்லை. செங்கொடி வேலை பார்க்கும் கல்யாணத் தகவல் மையத்திலேயே பதிந்தார்கள்.

அந்த மையம் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு பெயிண்ட் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நடத்தியவர் ஞானசெல்வி. நாசரேத் பக்கத்துக்காரர், புருஷன் இல்லை. அண்ணன் அய்யாத்துரையின் ஹார்டுவேர் கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சலித்துப்போய் இதை ஆரம்பித்தார். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று யார் வந்தாலும் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து விவரம் எழுதிக்கொள்வார். ஃபைலும் ஒட்டிய போட்டோவுமாகப் போய்க்கொண்டிருந்த தொழிலில், ஊரெல்லாம் வெப்சைட் என்கிறார்களே என்று அவருக்கும் ஆசை வந்தது. யாரோ வந்து, வெப்சைட் நடத்த இலவசமாகக் கிடைக்கும் சிஎம்எஸ் என்ற சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைக் கட்டி மேய்க்க வந்தவள் செங்கொடி.

சிஎம்எஸ் என்றால் பெரிய மந்திரம் இல்லை. ஆட்களின் விவரம் ஒரு பக்கம் கிடக்கும். அந்த விவரம் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதைச் சொல்லும் டெம்ப்ளேட் இன்னொரு பக்கம் கிடக்கும். டெம்ப்ளேட்டில் ஒரு வரி மாற்றினால் அத்தனை பேரின் பக்கமும் முகம் மாறிவிடும். ஆனால் கூடவே வந்த டெம்ப்ளேட் செய்தி போடுவதற்காகச் செய்தது, கல்யாணத்துக்கு அதற்கு என்ன தெரியும்? ஒவ்வொரு மாப்பிள்ளை பெயருக்குக் கீழேயும் 'ரிட்டன் பை அட்மினிஸ்ட்ரேட்டர்', அதாவது எழுதியவர் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று போட்டது. காலடிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் அம்மா, இந்த அட்மினிஸ்ட்ரேட்டர் யாரு, எல்லாப் பையனுக்கும் அவரே சிபாரிசு பண்றாரே, கமிஷன் வாங்குறாரா என்று கேட்டாள். அதைவிட மோசம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எத்தனை தடவை அது பார்க்கப்பட்டது என்று எண்ணிக்கை வேறு காட்டியது. என் பொண்ணை இத்தனை பேர் பார்த்தானா என்று ஒரு தகப்பனார் மாடிப்படியிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

செங்கொடி ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தாள். மூல ஃபைலைத் தொடாமல் அதற்கு ஒரு நகல் எடுத்து, டெம்ப்ளேட் ஃபோல்டருக்குள் வைத்துத் திருத்தினால் சிஎம்எஸ் நகலைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதைத் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டாள். அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. கிறிஸ்தவர்களுக்கு ஒரு நகல், அதில் எந்தச் சபை என்ற வரி. முஸ்லிம்களுக்கு ஒரு நகல். இந்துக்களுக்கு ராசி, நட்சத்திரம், குலதெய்வம் வரைக்கும் கட்டம் போட்டு ஒரு நகல். ராயபுரத்திலிருந்து பதுருன்னிசா என்ற அம்மா மகளுக்காக வந்தார். பிள்ளையின் போட்டோவைக் கண்டவன் பார்க்கக் கூடாது, மாப்பிள்ளையின் அம்மா இந்த ஆபீசில் வந்து உட்கார்ந்தால் மட்டும் காட்டலாம் என்று கறாராகச் சொன்னார். செங்கொடிக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போனது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தால் எல்லாமே தெரியும், வெளியே திறந்தால் மறைக்க வேண்டியது மறைந்திருக்கும் என்று அன்றைக்கே ஒரு ஏற்பாடு செய்தாள். ஞானசெல்வி அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

பாரியின் விவரத்தை அவளே தட்டினாள். சாத்தாங்காட்டில் ஒரு இரும்புத் தூண் பக்கத்தில் எடுத்த போட்டோ, சிரிக்காத மூஞ்சி. பதிவுத் தாளில் மதம் என்று நான்கு கட்டம், கடைசிக் கட்டம் மற்றவை. அதில் டிக் போட்டு, பக்கத்தில் பௌத்தம் என்று அவனே எழுதியிருந்தான். ஜாதி தடையில்லை. ஏற்றியதும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள், ஜம்மென்று தெரிந்தது. ஞானசெல்வியும் எட்டிப் பார்த்து, மூணு மாசத்துல பாக்கு வெத்தல மாத்திரலாம் என்றார்.

மூன்று மாசம் போனது, ஆறு மாசமும் போனது. ஒரு போன் இல்லை. அவனுக்குப் பின்னால் பதிந்தவர்கள் பத்திரிகை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். தண்டையார்பேட்டைப் பையன் ஒருத்தன், வேலையே இல்லாதவன், அவனுக்குக்கூட இரண்டு இடத்திலிருந்து வந்தது. அப்பா தினமும் சாயந்திரம் அவள் படியேறும்போது முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். பாரி பார்க்கவும் மாட்டான். ஆடி மாசம் தெருவில் ஒருத்தி, இன்னும் ரெண்டு வருஷம் போனா உங்க அண்ணனுக்கு ரெண்டாந்தாரம் கேக்குறவதான் வருவா என்று சொன்னது செங்கொடிக்கு நெஞ்சிலேயே நின்றது.

அப்போதுதான் அவளுக்கு மூக்கில் வியர்த்தது. ஒருநாள் ஞானசெல்வி போனில், அந்தப் பக்கமா, அந்தப் பக்கம் வேண்டாம், வேற பாப்போம் என்று குரலைத் தாழ்த்திப் பேசினார். எந்தப் பக்கம்? ஏன் குரலைத் தாழ்த்த வேண்டும்? அது எர்ணாவூரில் அண்ணன் மகனுக்கு வாடகை வீடு பார்த்த பேச்சு. அது பின்னால் தெரிந்தது. அன்றைக்கு இவள் அதை வியாசர்பாடிப் பக்கம் என்றே எடுத்துக்கொண்டாள். வருகிறவர்களிடம் ஞானசெல்வி வியாசர்பாடி என்று சொல்லும்போது ஒரு நொடி நிறுத்திச் சொல்கிறாரோ? புளியந்தோப்புக்காரர்களுக்கு டீ வருவதற்கு நேரமாகிறதோ? ஒரு வாரம் அவர் உட்கார்ந்தால் ஒரு அர்த்தம், எழுந்தால் ஒரு அர்த்தம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் சாப்பிடப் போகிறேன் என்று கிளம்பி, நேராக எதிர்ப்பக்கத்து பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தாள். மையத்தின் வெப்சைட்டைத் திறந்து மாப்பிள்ளைகள் வரிசையைப் பார்த்தாள். பாரி இல்லை. பக்கம் பக்கமாகத் தள்ளினாள், இல்லை. பெயரைப் போட்டுத் தேடினாள், அப்படி ஒருத்தன் பிறக்கவே இல்லை என்கிற மாதிரி வெறும் பக்கம் வந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் கல் மாதிரி நிற்கிறவன் வெளியில் இல்லை.

தன் கையால் ஏற்றிய வேறு பெயர்களைத் தேடினாள். புளியந்தோப்பு அறிவு இல்லை. அவள் வீட்டு பிளாக்கிலேயே மூன்றாம் மாடி மகிழினி இல்லை. நம்மாட்கள் ஒருத்தர் விடாமல் இல்லை. வியாசர்பாடி விலாசத்தோடு பொன்னுரங்கம் என்று ஒரே ஒருத்தன் மட்டும் தெரிந்தான். வேறு யாராக இருந்தாலும் அங்கே கொஞ்சம் யோசித்திருப்பார்கள். செங்கொடியா யோசிப்பாள்? நாளைக்குக் கேட்டால் காட்டுவதற்காக ஒருத்தனை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள் கில்லாடி என்று அதையும் சாட்சியோடு சேர்த்துக்கொண்டாள்.

மாடியேறினால் ஞானசெல்வி முன்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தார்கள். செங்கொடி அவர்களைப் பார்க்கவும் இல்லை.

"எங்க ஏரியா ஆளுங்கள ஏன்க்கா மறைச்சு வெச்சுக்கீற?"

ஞானசெல்வி பேனாவைக் கீழே வைத்தார். வந்தவர்களிடம், கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, எம் பேரச் சொல்லுங்க என்று அனுப்பினார். அவர்கள் இறங்குகிறவரை காத்திருந்து, கதவையும் சாத்திவிட்டு வந்தார். செங்கொடி கொட்டித் தீர்த்தாள். டீ கொடுப்பது வேஷம், எல்லா மதமும் ஒன்று என்பது வேஷம், காசு வாங்கிக்கொண்டு என் அண்ணனை இருட்டில் உட்காரவைத்துவிட்டாய், நானும் உன் உப்பைத் தின்றுகொண்டு முட்டாளாக இருந்தேன் என்றாள். ஞானசெல்விக்கு முகம் சிவந்துகொண்டே போனது. கடைசியில் நாற்காலியை கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப்போட்டார்.

"எனக்கு அதுல அனாவும் தெரியாது, ஆவன்னாவும் தெரியாது. ஆள மறைக்கணும்னா அந்த டெம்ப்ளேட்டுலதான மறைக்கணும்? தொற. எந்தக் கை மறைச்சுதுன்னு ரெண்டு பேரும் பாப்போம்."

திறந்தாள். வெற்றி தன் பக்கம் என்ற வேகத்தில்தான் திறந்தாள். முதலில் கிறிஸ்தவர் நகல், சுத்தம். முஸ்லிம் நகல், சுத்தம். இந்து நகலில் பாதி இறங்கியதும் கை நின்றுவிட்டது. ராசிக் கட்டம் காலியாக இருந்தால் இந்த ஆளையே வெளியில் காட்டாதே என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதற்கு மேலே, பின்னால் மறந்துபோகாமல் இருக்க எழுதிவைக்கும் குறிப்பு ஒன்று. ராசி சொல்லாதவன் எதையோ மறைக்கிறான், சொல்லும் வரை காட்ட வேண்டாம் என்று இருந்தது. அடியில் 'செ' என்று ஒற்றை எழுத்து.

யாரோ என் பாஸ்வேர்டில் நுழைந்து எழுதியிருப்பார்களோ என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு நினைப்பு ஓடியது. அந்த மனசை என்ன சொல்வது. ஆனால் உடனே ஞாபகம் வந்துவிட்டது. சைட் புதிதாக இருந்தபோது, ராசிக்கு நேரே காலியாகக் கிடந்த ஒரு பையன் பக்கத்தைப் பார்த்து ஒரு அம்மா முகம் சுளித்தாள். போன் போட்டு ராசியைக் கேட்டு நிரப்பு என்றுதான் ஞானசெல்வி சொன்னார். இவளோ, செவ்வாய் தோஷமோ என்னமோ இருக்கும், அதுதான் சொல்லாமல் விட்டிருக்கிறான், யாருகிட்ட என்று ஒரு வரியில் எல்லாரையும் நிறுத்திவைத்தாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அந்த நிபந்தனையை ரசித்துச் செய்தாள்.

பாரி, அறிவு, மகிழினி போல மற்றவை என்று டிக் போட்டவர்களுக்குத் தனி நகல் கிடையாது. அவர்களை இந்து நகலுக்கே அனுப்பிவைத்ததும் அவள்தான். ராசியே பார்க்காத வீட்டில் பிறந்து, ராசி இல்லாதவனெல்லாம் கள்ளன் என்று சட்டம் எழுதியிருந்தாள். பொன்னுரங்கம் ஏன் தெரிந்தான் என்பதும் இப்போது புரிந்தது. அவனுக்கு ரிஷப ராசி.

ஞானசெல்விக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குறிப்பு தமிழில்தான் இருந்தது.

"நான் பொய் சொல்லுவேன் பிள்ள, தொழில் அப்படி. பையன் உயரத்துல ரெண்டு இஞ்சு கூட்டுவேன், பிள்ள வயசுல ரெண்டு கொறப்பேன். ஆள இல்லாமலே ஆக்குனது நீதான்" என்றார்.

அதற்கு மேல் திட்டவில்லை. வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. கீழே போனவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சரிபண்ணு என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய், முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். செங்கொடி அந்த நிபந்தனையையும் குறிப்பையும் அடியோடு அழித்தாள். தன் எழுத்தைத் தன் கண்ணால் இன்னொரு தடவை பார்க்க அவளால் முடியவில்லை. பௌத்தர்களுக்கு ஒரு நகல் செய்தாள், அதில் ராசிக் கட்டமே இல்லை. மற்ற நகல்களிலும் ஒரு விவரம் இல்லை என்றால் அந்த வரி மட்டும் மறையும், ஆள் மறைய மாட்டான் என்று மாற்றினாள். எதிரே பிரவுசிங் சென்டருக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். இரும்புத் தூண் பக்கத்தில் சிரிக்காத மூஞ்சியோடு பாரி நின்றான். திரும்பி வந்து ஞானசெல்வியிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர், ஏட்டி, போய் உங்க அண்ணன்ட்ட கேளு என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா இல்லை, சங்க ஆபீசில் கேரம் ஆடப் போயிருந்தார். பாரி வேலை முடிந்து வந்து, கைக் கிரீஸை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னாள். ஆறு மாசத்துக்கு மேல் அவன் பக்கம் யார் கண்ணிலும் படவில்லை என்றாள்.

அவன் துடைத்துக்கொண்டே, தெரியும் என்றான்.

"தெரியுமா? எப்டி?"

"மின்ட் பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு பிரவுசிங் சென்டர்ல தோஸ்து ஒருத்தன் தொறந்து காட்னான். நான் இல்ல. அது ஆச்சு, தமிழ் வருசப் பொறப்பு சமயம்."

"ஏன்ணா என்னான்ட கேக்கல?"

"இன்னாத்த கேக்குறது." துணியை மடித்து ஓரமாக வைத்தான். "ஒத்த ரூமு வூடு. ஒருத்தி வந்தா நீ எங்க போய் படுப்ப? நீதான் எடுத்துட்டன்னு நெனச்சேன். சர்தான், உனுக்கு மொதல்ல ஆவட்டும்னு வுட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். மழை வரும் போலிருக்கு என்கிற மாதிரிச் சொன்னான். செங்கொடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இல்லண்ணா, சத்தியமா இல்ல, அது ஒரு நிபந்தனை, ராசி காலியாக இருந்தால் மறைக்கும், நான் வேற யாருக்கோ எழுதினது, நம்ம வீட்டை நினைக்கவே இல்லை என்று விடாமல் சொன்னாள். டெம்ப்ளேட் என்றாள், நகல் என்றாள், மற்றவை என்றாள். சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது கட்டிய கதை மாதிரி இருந்தது. நாளைக்கு வா, காட்டுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவள், காட்டுவதற்கு அந்த வரி இல்லை என்பது உறைத்து நின்றாள். ஞானசெல்வி அக்காவைக் கேள், அவங்க பார்த்தாங்க என்றாள்.

"எதுக்கு அவங்கள போய் பேஜார் பண்ணிகினு. சரி, வுடும்மா."

அந்தச் 'சரி'யை அவளுக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாளெல்லாம் எத்தனை பேரிடம் அவள் சொன்னது அது. நீ சொல்வதை நம்பவில்லை, ஆனால் உன்னோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை என்பவர்கள் சொல்லும் சரி. இந்த இருபத்தேழு வயசுவரை அவள் சந்தேகப்படாத ஆள் ஒருத்தன்தான், அவன் இத்தனை மாசமாக அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டே அவள் வடித்த சோற்றைத் தின்றிருக்கிறான், ஒரு நாள்கூட முகத்தைக் காட்டியதில்லை.

"நான் எடுக்கலண்ணா" என்றாள் இன்னொரு தடவை.

"சரிம்மா" என்றான் பாரி. கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஃபேனுக்கு நேரே இருந்த இடத்தை அவளுக்கு விட்டுவிட்டு, தன் பாயை வாசப்படி ஓரமாக விரித்துப் படுத்தான்.